சாச்சுரேஷன் 98, ஆனா ஆள் சரியில்ல: ஏபிஜி சீட்ட வச்சு எங்க தேடுறது

நைட் டூட்டில ரெண்டரை மணிக்கு ஏபிஜி மெஷின் (நாடி ரத்தத்துல ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, அமிலம் எவ்ளோன்னு அளக்கறது) சர்ர்ருனு ஒரு சீட்ட துப்பும், அத கிழிச்சு எடுத்துகினு வந்து பாத்தா பத்து பதினஞ்சு நம்பர், பாதிக்கு பக்கத்துல மேல ஒரு அம்பு கீழ ஒரு அம்பு. புதுசா வேலைக்கு வர்ற தம்பி தங்கச்சிங்க என்ன பண்றாங்கன்னா அம்பு போட்டதெல்லாம் கெட்டது, போடாததெல்லாம் நல்லதுன்னு எடுத்துகினு டாக்டருக்கு போன் அடிக்கறாங்க. நான் வேலூர் பக்கம் ஐசியூல வெண்டிலேட்டர், மாஸ்க், மூச்சு சம்பந்தமான வேலை தான் வருஷக்கணக்கா பாத்துகினு இருக்கேன், என்னை ரொம்ப ஆட்டி வச்சது பூரா அம்பே இல்லாம "நார்மல்"னு சமத்தா உக்காந்திருந்த கார்பன் டை ஆக்சைடு நம்பருங்க தான்.

அதனால இத நம்பர் வரிசைல எழுதல, ஆள் எப்படி இருக்காருங்கறத வச்சு எழுதறேன். மருந்து முடிவு டாக்டரோடது, நமக்கு வேண்டியது எப்ப ஓடிப் போய் கூப்பிடணும்ங்கறது.

சீட்ட பாக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை. பெட் பக்கத்துல நின்னு ஒரு முழு நிமிஷம் மூச்ச எண்ணுங்க, 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்கற வேலை வேணாம், மானிட்டர்ல வர்ற நம்பரையும் நம்பாதீங்க, நெஞ்சு ஏறி இறங்கறத கண்ணால பாத்து எண்ணுங்க. அத சீட்டு மேலயே பேனால எழுதுங்க, கூடவே எவ்ளோ ஆக்சிஜன் போகுது, எத்தன மணிக்கு எடுத்தோம். ஆக்சிஜன் அளவு எழுதாத ஏபிஜி சீட்டு வெலாசம் எழுதாத கவர் மாதிரி, யாருக்கும் பிரயோஜனம் இல்ல.

நார்மல் நம்பர் தெரியாதவங்களுக்கு ஒருவாட்டி சொல்லிடறேன். பிஎச் (ரத்தம் அமிலமா காரமான்னு சொல்ற நம்பர், குறைஞ்சா அமிலம்) 7.35 லேர்ந்து 7.45, கார்பன் டை ஆக்சைடு 35 லேர்ந்து 45, ஆக்சிஜன் சாதா காத்துல 80 லேர்ந்து 100, பைகார்ப் (அமிலத்த அடக்கற காரம்) 22 லேர்ந்து 26, லாக்டேட் (செல்லுங்களுக்கு ஆக்சிஜன் பத்தாதப்போ ஏறுறது) 2க்கு கீழ. கார்பன் டை ஆக்சைடு நுரையீரல் கைல இருக்கு, நிமிஷத்துல மாறும். பைகார்ப் கிட்னி கைல இருக்கு, அது அரசாங்க ஆபீஸ் மாதிரி, மனு போட்டா ரெண்டு மூணு நாள் ஆகும். இந்த ஒரு வித்தியாசத்த வச்சே வியாதி நேத்து வந்ததா வருஷக்கணக்கா இருக்கறதான்னு பாதி கண்டுபிடிச்சிடலாம்.

ஆள் நல்லா பேசறாரு, சீட்டு மட்டும் செத்த ஆள் சீட்டு மாதிரி இருக்கு

ஆக்சிஜன் 38, சாச்சுரேஷன் (ரத்தம் எத்தன சதவீதம் ஆக்சிஜன ஏத்தியிருக்குங்கறது) 70ன்னு வருது, ஆனா ஐயா பெட்ல உக்காந்து ரெண்டு இட்லி கேக்கறாரு. பதறாதீங்க, விரல்ல மாட்டுன புரோப் என்ன காட்டுதுன்னு பாருங்க. அது 96 காட்டி அலை ஒழுங்கா ஓடுனா நீங்க குத்துனது நாடி இல்ல, பக்கத்துல ஓடற வெயின். வெயின்ல ஆக்சிஜன் 40 பக்கம் தான் இருக்கும். இது எல்லாருக்கும் நடக்கும், வெக்கப்படாம திரும்ப எடுங்க.

இதுக்கு நேர் எதிர், மூச்சு வாங்கற ஆளுக்கு சாதா காத்துலயே ஆக்சிஜன் 130ன்னு வந்தா சிரிஞ்சுல காத்துக் குமிழ் இருந்திருக்கு. வெளிக்காத்துல ஆக்சிஜன் அழுத்தம் 150 பக்கம், கார்பன் டை ஆக்சைடு கிட்டத்தட்ட பூஜ்யம், அதனால குமிழ் இருந்தா ஒண்ணு 150அ நோக்கி போகும் இன்னொண்ணு சும்மா குறையும். எடுத்த உடனே சிரிஞ்ச நிமித்தி புடிச்சு தட்டி காத்த வெளியேத்திட்டு கேப் போடுங்க.

சாதா சிரிஞ்சுல, ரத்தம் உறையாம இருக்க ஹெப்பரின இழுத்துட்டு மிச்சத்த முழுசா வெளிய தள்ளாம எடுக்கற பழக்கம் சின்ன ஆஸ்பத்திரிங்கள்ல இன்னும் இருக்கு. அப்படி மிச்சம் நின்னா ரத்தம் தண்ணியாகி பைகார்ப், கார்பன் டை ஆக்சைடு, கால்சியம் எல்லாம் குறைச்சு காட்டும், பிஎச் மட்டும் பெருசா அசையாது. எல்லாமே ஒரே மாதிரி குறைஞ்சு ஹீமோகுளோபினும் திடீர்னு இறங்கியிருந்தா இத சந்தேகப்படுங்க.

அடுத்தது லேட். சிரிஞ்சுக்குள்ள இருக்கற ரத்த அணுங்க உசுரோட தான் இருக்கு, அதுங்க ஆக்சிஜன தின்னுட்டு கார்பன் டை ஆக்சைட விட்டுகினே இருக்கும், லாக்டேட் ஏறும் சுகர் இறங்கும். நம்ம ஊர் கத்திரி வெயில் சொல்லணுமா, கோட்டை பக்கம் மத்தியானம் நின்னவங்களுக்கு தெரியும். நான் வேலைக்கு சேந்த புதுசுல ஒரு மே மாசம், கேஷுவாலிட்டில எடுத்த சாம்பிள ஒரு அண்ணன் சட்டை பாக்கெட்ல வச்சுகினு, லிஃப்ட் வேற ரிப்பேர், வழில ரெண்டு பேர்கிட்ட பேசிட்டு மூணாவது மாடிக்கு கொண்டாந்தாரு, முக்கால் மணி ஆயிருக்கும், லாக்டேட் 5ன்னு வந்துது, அத வச்சு ஒரு பெரியவருக்கு ஷாக்குன்னு முடிவு பண்ணி பாட்டில் பாட்டிலா சலைன் ஓட ஆரம்பிச்சிடுச்சு. திரும்ப எடுத்து உடனே ஓட்டுனா 1.6. பத்து நிமிஷத்துல ஓட்டிட்டா தலைவலியே இல்ல, அரை மணிய தாண்டுனா தூக்கிப் போட்டுட்டு புதுசு எடுங்க. வெள்ளையணு லட்சத்துக்கு மேல இருக்கற ரத்தப் புத்துநோய்க்காரங்களுக்கு அந்த பத்து நிமிஷமே அதிகம், எடுத்த நிமிஷமே ஓட்டணும், இல்லன்னா அந்த அணுங்களே ஆக்சிஜன திருடிடும்.

பொட்டாசியம் 6.8ன்னு ஏபிஜி மெஷின் காட்டுனா ஈசிஜி எடுங்க, கூடவே லேபுக்கும் அனுப்புங்க. கஷ்டப்பட்டு இழுத்த ரத்தத்துல அணு உடைஞ்சிருந்தா பொட்டாசியம் பொய்யா ஏறும், இந்த மெஷின்ல முழு ரத்தமா ஓட்றதால அது உடைஞ்சதே கண்ணுக்கு தெரியாது.

சீட்டு தனக்குள்ளயே ஒத்துப் போகுதான்னு பாக்க ஒரு சின்ன கணக்கு. கார்பன் டை ஆக்சைட 24ஆல பெருக்கி பைகார்பால வகுங்க. அப்புறம் 80லேர்ந்து பிஎச்சோட கடைசி ரெண்டு நம்பர கழிங்க. 7.30ன்னா 80ல 30 போக 50. ரெண்டு விடையும் கிட்டக்கிட்ட இருக்கணும். கார்பன் டை ஆக்சைடு 50, பைகார்ப் 24ன்னா 50 வருது, சரி. மெஷின் பைகார்ப தானாவே கணக்கு போட்டு தான் எழுதுது, அதனால பிரிண்ட்ல பெரும்பாலும் ஒத்துப் போகும், தப்பு வர்றது நாம கைல நோட்ல காப்பி பண்றப்போ தான், 7.24அ 7.42ன்னு எழுதிட்டா ஆளே மாறிடறாரு. 7.20க்கு கீழ போனா இந்த 80 கணக்கு சரியா வராது.

குத்தறத பத்தி ரெண்டு வரி. மணிக்கட்டுல குத்தறதுக்கு முன்னாடி ரெண்டு நாடியும் அழுத்தி கைய மூட சொல்லி வெளுத்ததும் சுண்டு விரல் பக்க நாடிய மட்டும் விடுங்க, பத்து செகண்டுக்குள்ள கை சிவக்கணும், சிவக்கலன்னா அந்த கை வேணாம். எடுத்தப்புறம் அஞ்சு நிமிஷம் நீங்களே அழுத்தணும், ரத்தம் கட்டாத மாத்திரை சாப்பிடறவங்களுக்கு இன்னும் கூட. "நீங்களே புடிச்சிக்கங்கம்மா"ன்னு கூட வந்தவங்க கைல குடுத்துட்டு போறதால தான் காலைல மணிக்கட்டு பூரா நீலமா வீங்கி கெடக்குது. ஆக்சிஜன கூட்டி குறைச்சா 20, 30 நிமிஷம் விட்டுட்டு எடுங்க.

சாச்சுரேஷன் 98, ஆனா தூங்கி தூங்கி விழறாரு

இது தான் நான் சொல்ல வந்ததுலயே பெரிய விஷயம், கொஞ்சம் நின்னு படிங்க.

குடியாத்தம் பக்கத்துல இருந்து ஒரு தாத்தா, நாப்பது வருஷம் பீடி, வருஷத்துக்கு ரெண்டு தடவ வீசிங்னு வந்து போறவரு. மூச்சு வாங்குதுன்னு கூட்டினு வந்தாங்க, சாச்சுரேஷன் 82, யாரோ அவசரத்துல பை வச்ச மாஸ்க்க போட்டு ஆக்சிஜன முழுசா திருப்பி விட்டுட்டாங்க. சாச்சுரேஷன் 98 ஆச்சு, எல்லாருக்கும் நிம்மதி. அவரு பொண்ணு வேற "இன்னா சிஸ்டர், மூணு நாளா கண்ணு மூடல, இப்ப தான் நல்லா தூங்கறாரு, எழுப்பாதீங்க"ன்றாங்க. மூச்ச எண்ணுனா 10. நெத்தில வேர்வை, கை வெதுவெதுன்னு இருக்கு, நீட்ட சொன்னா படபடன்னு ஆடுது.

சீட்டு: பிஎச் 7.22, கார்பன் டை ஆக்சைடு 88, பைகார்ப் 35. தூக்கம் இல்ல அது, கார்பன் டை ஆக்சைடு மயக்கம். விரல்ல மாட்ற புரோப்புக்கு ஆக்சிஜன் ஏறுன கணக்கு மட்டும் தான் தெரியும், கார்பன் டை ஆக்சைடு வெளிய போகுதா இல்லையான்னு அதுக்கு தெரியவே தெரியாது. அத சொல்ல ஏபிஜி வேணும்.

இதுல பைகார்ப பாருங்க, அங்க தான் கதை இருக்கு. இன்னைக்கு தான் புதுசா கார்பன் டை ஆக்சைடு ஏறுச்சுன்னா ஒவ்வொரு 10க்கும் பைகார்ப் 1 தான் ஏறும், அதாவது 29 பக்கம் இருக்கணும். வருஷக்கணக்கா ஏறியே இருந்தா ஒவ்வொரு 10க்கும் 4 வரைக்கும் ஏறும், அப்போ 43 வரணும். இவருக்கு 35, நடுவுல நிக்குது. அதாவது இவருக்கு ரொம்ப நாளாவே கார்பன் டை ஆக்சைடு அதிகம், ஆனா இன்னைக்கு அதுக்கு மேல புதுசா ஏதோ ஏத்தி விட்டிருக்கு. இந்த மாதிரி ஆளுங்களுக்கு சாச்சுரேஷன் 88 லேர்ந்து 92 இருந்தா போதும், ஆக்சிஜன அளந்து குடுக்கற வெஞ்சுரி மாஸ்க், பிஎச் 7.35க்கு கீழன்னா பைபாப் (டியூப் போடாம மாஸ்க்காலயே காத்த அழுத்தி குடுக்கற மெஷின்), டாக்டர் அத தான் கேப்பாரு. பதறிப்போய் ஆக்சிஜன பட்டுனு புடுங்கிடவும் கூடாது, அது இன்னும் மோசம்.

பைகார்ப் அதிகமா இருந்தா "காரம் ஏறிடுச்சு"ன்னு சொல்ற தப்பு புதுசு இல்ல. 1952ல கோபன்ஹேகன்ல போலியோ பரவி பிளெக்டாம் ஆஸ்பத்திரில கொத்து கொத்தா ஆளுங்க செத்தாங்க, ரத்தத்துல மொத்த கார்பன் டை ஆக்சைடு (அதுல பெரும்பகுதி பைகார்ப் தான்) அதிகமா இருந்தத பாத்துட்டு அங்க இருந்த பெரிய டாக்டருங்க இது ஏதோ காரம் ஏறுற வியாதின்னு நெனச்சாங்க. ப்யோர்ன் இப்சன்னு ஒரு மயக்க மருந்து டாக்டர் தான் இல்ல, இவங்களால மூச்சு விட முடியல, கார்பன் டை ஆக்சைடு உள்ளயே தங்கிடுச்சுன்னு சொல்லி, ஆகஸ்ட் மாசம் 12 வயசு பொண்ணு ஒருத்திக்கு கழுத்துல ஓட்டை போட்டு பையால காத்த அழுத்தி காட்டுனாரு. அப்புறம் வெண்டிலேட்டர் பத்தாததால 1,500 பக்கம் மாணவருங்க ஷிஃப்ட் போட்டு கையாலயே பைய அழுத்துனாங்க. அங்க லேப பாத்துகினு இருந்த பால் ஆஸ்ட்ரப் பிஎச்ச அளந்து கார்பன் டை ஆக்சைட கணக்கு போடற வழிய உண்டாக்குனாரு, நம்ம மெஷினுக்கு அவரு ஒரு தாத்தா மாதிரி. பிஎச்ச பாக்காம பைகார்ப மட்டும் பாத்தா அன்னைக்கு அவ்ளோ பெரிய டாக்டருங்களே ஏமாந்தாங்க, நாம எம்மாத்திரம்.

நுரையீரல் சுத்தம், காய்ச்சல் இல்ல, கண் இமை மட்டும் சொருகுது

காலைல எழுந்ததுல இருந்து வயித்து வலி, கண்ண தொறக்க முடியல, வாந்தி, ராத்திரி நெலத்துல பாய் போட்டு படுத்தவரு. கடி தடம் எங்கயும் கெடைக்கல. நம்ம பக்கத்து நெலங்கள்ல இது கட்டுவிரியன்னு தான் மொதல்ல நெனைக்கணும், அது கடிச்ச எடத்துல பெரும்பாலும் வலியும் இருக்காது வீக்கமும் இருக்காது.

சாதா காத்துல எடுத்த சீட்டு: பிஎச் 7.25, கார்பன் டை ஆக்சைடு 64, பைகார்ப் 27, ஆக்சிஜன் 62. ஆக்சிஜன் 62அ பாத்துட்டு நிமோனியான்னு எக்ஸ்ரேக்கு தள்ளிகினு போறவங்கள பாத்திருக்கேன். அதுக்கு ஒரு கணக்கு இருக்கு, 150லேர்ந்து கார்பன் டை ஆக்சைடோட ஒண்ணேகால் மடங்க கழிங்க, அது நுரையீரல் பைக்குள்ள இருக்க வேண்டிய ஆக்சிஜன். 64க்கு ஒண்ணேகால் மடங்கு 80, கழிச்சா 70. ரத்தத்துல 62 இருக்கு, வித்தியாசம் 8 தான். அதாவது நுரையீரல் கச்சிதமா வேலை செய்யுது, அத ஊத வேண்டிய துருத்தி தான் நின்னுகினு வருது. (150ங்கறது கடல் மட்டத்துக்கு, வேலூர் 200 மீட்டருக்கு கொஞ்சம் மேல இருக்கறதால நெஜத்துல 146 பக்கம் வரும், ஏலகிரி மேலன்னா இன்னும் குறையும், பெட் பக்கத்துல நின்னு கணக்கு போட 150 போதும்.)

இந்த மாதிரி ஆளுக்கு ஆக்சிஜன போட்டா சாச்சுரேஷன் 100 காட்டிகினே கார்பன் டை ஆக்சைடு ஏறிகினே போகும். சீட்டு வர்றதுக்கு முன்னாடியே ஒரு சோதனை, ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டுன்னு எண்ண சொல்லுங்க, சின்ன வயசுல சடுகுடு ஆடுனவரா இருந்தா அதையே பாட சொல்லுங்க, சடுகுடு சடுகுடுன்னு பத்து எண்ணறதுக்குள்ள மூச்சு உடைஞ்சா, தலகாணிலேர்ந்து தலைய தூக்க முடியலன்னா, விஷமுறிவு மருந்து ஓடறப்பவே வெண்டிலேட்டருக்கு டியூப் போட ரெடி பண்ணுங்க. பூச்சி மருந்து கேசுக்கும் இதே கண்ணு வேணும், முக்கியமா ரெண்டாவது மூணாவது நாள், எச்சில் எல்லாம் நின்னு தேறிட்டாருன்னு நாம நெனைக்கற நேரத்துல கழுத்து தொங்கும்.

ஆஸ்துமா, மூச்சு 34, சீட்டுல கார்பன் டை ஆக்சைடு 41, அம்பே இல்ல

அம்பு இல்லன்னு சந்தோஷப்பட்டா அவ்ளோ தான். நிமிஷத்துக்கு 34 மூச்சு விடறவங்க கார்பன் டை ஆக்சைட ஊதி ஊதி வெளிய தள்ளியிருக்கணும், 28, 30ன்னு இருக்கணும். இந்த மூச்சுக்கு 41 சரியாங்கறது தான் கேள்வி. சரியில்ல. அவ்ளோ இழுத்தும் 41ன்னா காத்து உள்ள போய் வரல, தசை களைச்சுப் போச்சு, 28லேர்ந்து 60க்கு ஏறுற வழில 41ல நிக்கறாங்க. கூடவே விசில் சத்தம் குறைஞ்சிருந்தா அது நெபுலைசேஷன் கேட்டதால இல்ல, சத்தம் போடக் கூட காத்து போகல. இந்த சீட்ட காலைல ரவுண்ட்ஸ்ல காட்டலாம்னு ஃபைல்ல சொருகாதீங்க, அப்பவே கூப்பிடுங்க.

கர்ப்பிணிங்களுக்கும் இதே. அவங்களோட நார்மலே 30 பக்கம். எட்டு மாசக்காரிக்கு 40ன்னு வந்தா சீட்டுல அம்பு இருக்காது, ஆனா அவங்களுக்கு அது அதிகம்.

சாச்சுரேஷன் 99, நெஞ்சு சுத்தம், ஆனா கிணறு இறைக்கற மாதிரி மூச்சு

வேகம் மட்டும் இல்ல, ஆழமும் இருக்கும், வாயால இழுத்து விடுவாங்க. காட்பாடி பக்கத்து காலேஜ் பொண்ணு ஒண்ணு, பரீட்சை டென்ஷன்னு ரெண்டு எடத்துல சொல்லி அனுப்பிட்டாங்க, ஒரு எடத்துல பாலித்தீன் கவர்ல மூச்சு விட சொன்னாங்களாம் (தயவு செஞ்சு யாரும் இத பண்ணாதீங்க). அவங்க அம்மா சொன்னது, "ஒரு வாரமா குடம் குடமா தண்ணி குடிக்குதுங்க, ஒண்ணுக்கு போய்கினே இருக்குது." பக்கத்துல போனா அழுகுன பழ வாடை.

சீட்டு: பிஎச் 7.08, கார்பன் டை ஆக்சைடு 16, பைகார்ப் 4.6. சுகர் 480. நுரையீரல்ல ஒண்ணும் இல்ல, உடம்புல ஏறுன அமிலத்த ஊதி தள்ள நுரையீரல் உசுர குடுத்து வேலை செய்யுது. அது சரியா ஈடு குடுக்குதான்னு பாக்க பைகார்ப ஒன்றரை மடங்காக்கி 8 கூட்டுங்க, 2 முன்ன பின்ன இருக்கலாம். 4.6க்கு 15 வருது, இவளுக்கு 16, சரி, தாக்குப் புடிக்கறா. இதுவே கார்பன் டை ஆக்சைடு 28ன்னு வந்திருந்தா அதுவும் கீழ அம்பு தான் போட்டிருக்கும், ஆனா அப்போ அவ களைச்சுகினு வர்றான்னு அர்த்தம்.

இப்படிப்பட்டவங்களுக்கு டியூப் போட வேண்டி வந்தா வெண்டிலேட்டர்ல பழக்கத்துக்கு 14ன்னு மூச்சு வச்சிட்டு போய்டாதீங்க. 36 தடவ ஊதிகினு இருந்தவங்களுக்கு 14 குடுத்தா கார்பன் டை ஆக்சைடு சட்டுனு ஏறி பிஎச் பாதாளத்துக்கு போய் நெஞ்சே நின்னுடும். எத்தன வைக்கணும்னு டாக்டர கேளுங்க, அரை மணில திரும்ப ஏபிஜி.

அடுத்தது அந்த அமிலம் எங்கேர்ந்து வந்துதுன்னு தேடணும். சோடியத்துலேர்ந்து குளோரைடையும் பைகார்பையும் கழிங்க, 8 லேர்ந்து 12 நார்மல். இவளுக்கு 134 - 98 - 4.6, அதாவது 31க்கு மேல, ரத்தத்துல வேண்டாத அமிலம் ஏதோ நெறைய இருக்கு. சுகர்க்காரங்கன்னா கீட்டோன் (இன்சுலின் பத்தாம உடம்பு கொழுப்ப எரிக்கறப்போ வர்ற அமிலம்) பாருங்க. டாபாகிளிஃப்ளோசின் மாதிரி சுகர் மாத்திரை சாப்பிடறவங்களுக்கு சுகர் 200லயே கீட்டோன் ஏறி நிக்கும், சுகர் கம்மின்னு விட்டுடாதீங்க. கீட்டோன் இல்லன்னா லாக்டேட், கிட்னி, விஷம், மெட்ஃபார்மின் சாப்பிடற கிட்னி கெட்டவங்கன்னு வரிசையா போகணும். ஆல்புமின் குறைஞ்சவங்களுக்கு ஒவ்வொரு 1 கிராம் குறைவுக்கும் 2.5 சேத்துக்கணும், இல்லன்னா நார்மல் மாதிரி தெரியும்.

அமிலம் ஏறியிருக்கு, ஆனா அந்த கழித்தல் கணக்கு நார்மல்

பேதியா, ரொம்ப சலைன் ஏத்துனாங்களான்னு மொதல்ல பாருங்க, முக்கால்வாசி அதுல முடிஞ்சிடும். முடியலன்னா நம்ம வடாற்காடு பக்கத்துல இருந்தே ஆகணும்னு ஒரு கேள்வி இருக்கு, ஒடுவந்தழையா (மனசு ஒடைஞ்சவங்க தின்னுடற விஷத் தழை)? வெளியூர்லேர்ந்து வர்ற ஜூனியர் டாக்டருங்களுக்கு இந்த பேரே தெரியாது, அவங்கள குத்தம் சொல்ல முடியாது, அவங்க ஊர்ல இது இல்ல. வேலூர் சிஎம்சி டாக்டருங்க இத பத்தி கட்டுரைங்களே எழுதியிருக்காங்க. இந்த தழை கிட்னில அமிலத்த வெளிய தள்ற பம்ப கெடுத்துடுது, அமிலம் உள்ள தங்குது, பொட்டாசியம் மூத்திரத்துல போய்டுது.

இதுல ஏமாத்தறது என்னன்னா மொத நாள் ஆள் தெளிவா உக்காந்திருப்பாங்க, "ஒண்ணும் இல்ல, வூட்டுக்கு போறேன்"னு சொல்லுவாங்க. அனுப்பிடாதீங்க. திரும்ப திரும்ப ஏபிஜியும் பொட்டாசியமும் பாக்கணும். ஒரு உதாரணம், மொத சீட்டு பிஎச் 7.27, கார்பன் டை ஆக்சைடு 29, பைகார்ப் 13, பொட்டாசியம் 2.6. ஒன்றரை மடங்கு கணக்குப்படி 27.5, ஒத்துப் போகுது. ஆறு மணி நேரம் கழிச்சு பிஎச் 7.14, கார்பன் டை ஆக்சைடு 36, பைகார்ப் 12, பொட்டாசியம் 2.1. கார்பன் டை ஆக்சைடு இப்ப தான் "நார்மலுக்கு" வந்திருக்கு, கீழ அம்பு கூட போச்சு, ஆனா 12க்கு 26 இருக்கணும், 10 அதிகம். பொட்டாசியம் இல்லாம மூச்சு தசை தளருது. வெறும் பைகார்ப் ஊசிய ஓட்டுனா பொட்டாசியம் இன்னும் உள்ள இறங்கும், அதனால பொட்டாசியத்த மறந்துட்டு பிஎச்ச மட்டும் சரி பண்ண கெளம்ப கூடாதுன்னு எங்க சீனியர் தலைல அடிச்சு சொல்லுவாரு. தேறி வந்தவங்க கிட்ட உக்காந்து பேச ஆள் வேணும், அதுவும் ட்ரீட்மெண்ட் தான், 104க்கு (அரசாங்க ஹெல்ப்லைன்) போன் பண்ணாலும் பேசுவாங்க.

வேகமா மூச்சு, கை விரல் இழுத்துக்குது, பிஎச் 7.52

இது பயமா இருக்கலாம். ஆனா பயம்னு சொல்றதுக்கு முன்னாடி ஆக்சிஜன பாருங்க. கார்பன் டை ஆக்சைடு 24ன்னா ஒண்ணேகால் மடங்கு 30, 150ல கழிச்சா 120, அப்போ ரத்தத்துல 100க்கு மேல இருக்கணும். 78 தான் இருக்குன்னா வித்தியாசம் 42. 78க்கு சாச்சுரேஷன் 96 காட்டும், யாரும் திரும்பிக் கூட பாக்க மாட்டாங்க. பயத்துல இந்த வித்தியாசம் வராது, நுரையீரல்ல ரத்தக்கட்டி, நிமோனியா, நீர் கோத்தது எதுவோ இருக்கு. கால் ஒண்ணு மட்டும் வீங்கியிருக்கா, சமீபத்துல ஆபரேஷன் ஆச்சான்னு கேளுங்க. வெயில்ல வேலை செஞ்சு சுருண்டு விழுந்தவங்களுக்கும் ஆரம்பத்துல இதே சீட்டு வரும், அப்புறம் லாக்டேட் ஏறி அமிலம் பக்கம் திரும்பும்.

வாந்தி நாலு நாளா எடுத்து பிஎச் ஏறி பைகார்ப் 38, கார்பன் டை ஆக்சைடு 47ன்னு வந்தா அந்த 47அ தொரத்தாதீங்க, உடம்பு வேணும்னே மூச்ச குறைச்சிருக்கு. குளோரைடு, பொட்டாசியம், தண்ணி, அவ்ளோ தான்.

சாச்சுரேஷன் 85லயே நிக்குது, எவ்ளோ ஆக்சிஜன் குடுத்தாலும் அசையல

உதடு நீலம், ஆனா ஆள் அவ்ளோ கஷ்டப்படல. சிரிஞ்சுல ரத்தம் சாக்லேட் கலர்ல இருக்கு, காத்துல காட்டுனாலும் சிவக்கல. சீட்டுல ஆக்சிஜன் 300, சாச்சுரேஷன் 99. புரோப் 85, சீட்டு 99, யாரு பொய்? ரெண்டும் தான். சாதா மெஷின் சாச்சுரேஷன அளக்கறதே இல்ல, ஆக்சிஜன் நம்பர வச்சு கணக்கு போட்டு எழுதுது. இது மெத்ஹீமோகுளோபின் (ஆக்சிஜன சுமக்க முடியாம மாறிப் போன ஹீமோகுளோபின்), அத அளக்க கோ-ஆக்சிமீட்டர் இருக்கற மெஷின் வேணும். என்ன மாத்திரைன்னு கேளுங்க, டாப்சோன்னா விடை கெடைச்சிடுச்சு. 1955லேர்ந்து கரிகிரில தொழுநோய் ஆஸ்பத்திரி இருக்கற ஊர் நம்மது, டாப்சோன் சாப்பிடறவங்க இங்க புதுசு இல்ல.

மூடுன ரூம்ல ஜெனரேட்டர், கேஸ் கெய்சர்னு வந்து தலைவலி மயக்கம்னா அதுக்கு நேர் எதிர், கார்பன் மோனாக்சைடு, புரோப் 100 காட்டும், உடம்புக்கு ஆக்சிஜன் போகாது. அதுக்கும் அதே கோ-ஆக்சிமீட்டர் தான். ராணிப்பேட்டை பக்கம் தோல் ஷாப் தொட்டில எறங்கி மயங்குனவங்கள கொண்டாந்தா ஆக்சிஜன் நம்பர் நல்லா இருந்து லாக்டேட் மட்டும் எகிறியிருக்கும், அங்க வர்ற அழுகுன முட்டை வாடை கேஸ் செல்லுக்குள்ள போய் ஆக்சிஜன பயன்படுத்த விடாது.

"எத்தன தபா தான் குத்துவீங்க?"

இது நோயாளியோட கேள்வி, நியாயமான கேள்வி, மணிக்கட்டு குத்து நெஜமாவே வலிக்கும். எல்லாத்துக்கும் நாடி வேணும்னு இல்ல. சுகர் கீட்டோன் கேஸ் தேறுதான்னு பாக்க வெயின் ரத்தமே போதும், பிஎச் 0.03 பக்கம் தான் குறைச்சு காட்டும், பைகார்பும் கிட்டத்தட்ட அதே. கார்பன் டை ஆக்சைடு வெயின்ல கொஞ்சம் கூட இருக்கும், 45க்கு கீழ வந்தா நாடிலயும் அதிகம் இல்லன்னு நம்பலாம், மேல வந்தா நாடில எடுத்து உறுதி பண்ணணும். ஆக்சிஜனுக்கு மட்டும் வெயின் உதவாது. ஷாக்குல இருக்கறவங்களுக்கு இந்த கணக்கெல்லாம் வேணாம், நேரா நாடி. நாலு மணிக்கு ஒருவாட்டி எடுக்க வேண்டி வரும்னு தெரிஞ்சா காலைலயே ஆர்ட்டீரியல் லைன் (நாடிக்குள்ளயே விட்டு வைக்கற சின்ன குழாய்) போட சொல்லி கேளுங்க.

டாக்டருக்கு போன் போட்டா இப்படி சொல்லுங்க: "சார், 6ஆம் பெட், ஆஸ்துமா, மூச்சு 34, மாஸ்க்ல 6 லிட்டர் போகுது, கார்பன் டை ஆக்சைடு ஒரு மணி நேரம் முன்னாடி 31, இப்ப 41, விசில் சத்தம் குறைஞ்சிடுச்சு, பேச மாட்டேங்கறாங்க, டியூப் ட்ராலிய பெட் பக்கத்துல வச்சிட்டேன்."